ரூமைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க

எனக்கு எடை மேடை சர்வீஸ் வேலை. சரக்கு லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பார்களே, அந்த வே பிரிட்ஜ். கம்பெனி கோயம்புத்தூரில். மேடைகள் இருப்பதோ தூத்துக்குடி உப்பளங்களிலும் ராஜபாளையம் மில்களிலும் அரியலூர் சிமென்ட் ஆலைகளிலும். மேடை பழுதானால் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிடும். போன் வந்த ராத்திரியே பஸ் ஏற வேண்டும். இப்படிப் பத்தொன்பது வருடமாக மாதத்துக்கு எட்டு, பத்து இரவுகள் லாட்ஜில்தான் தூக்கம். தங்குவதற்குக் கம்பெனி ஒரு தொகை தருகிறது. சேர்ந்த புதிதில் ஒரு நாளைக்கு 350 ரூபாய், இப்போது 1,200. அதைத் தாண்டினால் கைக்காசு, குறைவாக முடித்தால் மிச்சம் நமக்கு. அந்த மிச்சத்தில் மகளுக்குப் பல வருடம் ஸ்கூல் வேன் பணம் கட்டியிருக்கிறேன். அதனால் லாட்ஜ் கணக்கு எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

முதல் வருடம், மே மாதம். கோவையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கும்போது விடியற்காலை நாலரை. பையைத் தோளில் போடுவதற்குள் ஓர் ஆட்டோக்காரர் வந்துவிட்டார். "ரூம் வேணுமாண்ணே? நல்ல ரூம், நம்ம லாட்ஜ்." ஏறினேன். கவுண்டரில் தூங்கி வழிந்த ஒருவர் இரண்டு நாள் அட்வான்ஸ் கேட்டார், கொடுத்தேன். சாவி வந்தது. நாலாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி. விடிகிற நேரத்தில் அறை சுமாராகத்தான் தெரிந்தது. அன்று முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து அனல் அடித்தது. ஃபேன் போட்டால் சூட்டை வாரி மேலே கொட்டியது. சுவரில் கை வைத்தால் சுட்டது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, நடுராத்திரி வரை அதை அறைக்குள்ளேதான் இறக்கும். துண்டை நனைத்து மார்பில் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் விடியற்காலை கிளம்பலாம் என்று போனால் கவுண்டரில் இரண்டு நாள் வாடகை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். "இருபத்து நாலு மணி நேரம்தானே ஆச்சு?" என்றேன். "இங்க பன்னெண்டு மணி செக்-அவுட்ங்க. நேத்துப் பன்னெண்டோட ஒரு நாள் முடிஞ்சிருச்சு." ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. அந்த ஆட்டோக்காரருக்கு லாட்ஜ் கொடுத்த கமிஷனும் என் வாடகைக்குள்தான் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஆட்டோவில் போனாலும் லாட்ஜுக்கு நாலு கடை தள்ளி இறங்கி, தனியாக நடந்துதான் உள்ளே போகிறேன்.

இந்த செக்-அவுட் சங்கதியை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டாலே வருடத்தில் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும். நம் ஊரில் இரண்டு விதம் உண்டு. பழைய லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. எந்த நேரத்தில் சாவி வாங்குகிறோமோ, மறுநாள் அதே நேரம் வரை நமக்கு. கொஞ்சம் பெரிய ஹோட்டல்களில் பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு. ரயிலிலோ பஸ்ஸிலோ அதிகாலையில் போய் இறங்குகிறவர்கள் 24 மணி நேர லாட்ஜைத்தான் தேட வேண்டும். பன்னிரண்டு மணிக் கணக்குள்ள இடம்தான் பிடித்திருக்கிறது என்றால், முந்தின நாளே போன் பண்ணி, "காலையில ஆறு மணிக்கு வர்றோம், ரூம் காலியா இருந்தா விடுவீங்களா, அதுக்குத் தனியா காசு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். ரூம் காலியாக இருக்கும் நாட்களில் பெரும்பாலும் சும்மாவே விடுகிறார்கள். கேட்காமல் போய் நின்றால்தான் அரை நாள் வாடகை.

வெறுமனே குளித்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தால் போதும் என்றால் லாட்ஜே வேண்டாம். மதுரை, திருச்சி, எழும்பூர் மாதிரிப் பெரிய ஸ்டேஷன்களில் ரிட்டையரிங் ரூம், அதாவது பயணிகள் தங்க ரயில்வே விடும் அறை, இருக்கிறது. கன்ஃபார்ம் அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் நம்பரை வைத்து ஐஆர்சிடிசியில் புக் பண்ணலாம். விசேஷ நாட்களில் கிடைக்காது, மற்ற நாட்களில் கிடைக்கும். படுக்கை மட்டும் போதும் என்றால் டார்மிட்டரி இன்னும் மலிவு.

மதுரையில் சூடுபட்ட அதே கோடையில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். கவுண்டரில் வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அறுபதை ஒட்டிய வயசு. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் போனதும் பர்ஸை எடுத்துப் பணத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் ஒற்றை விரலால் நோட்டுகளை என் பக்கம் தள்ளினார்.

"என்ன தம்பி அவசரம்? மொதல்ல போய் ரூமப் பாருங்க. பிடிச்சிருந்தா வந்து துட்டு கொடுங்க."

"எந்த ரூமா இருந்தாலும் சரிங்க அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லப்படாது. நீங்க எந்த ரூமா இருந்தாலும் சரின்னு சொன்னா, யாரும் வேண்டாம்னு சொன்ன ரூமத்தான் உங்களுக்குக் கொடுப்பாங்க. வியாபாரம் தம்பி, நானும் அப்படித்தான் செய்வேன். அதுக்குத்தான் சொல்லுதேன்."

ரூம் பையனோடு மேலே போய் இரண்டு அறை பார்த்தேன். முதல் அறை ரோட்டைப் பார்த்தது, ஜங்ஷன் பஸ்களின் ஏர்ஹாரன் அப்படியே உள்ளே வந்தது. இரண்டாவது பின்பக்கம், வேப்பமரத்தை ஒட்டியது. வாடகை ஒன்றுதான். அந்த வேப்பமரத்து ரூமில் பிறகு நான் எத்தனை ராத்திரி படுத்திருப்பேனோ, கணக்கில்லை.

எந்த லாட்ஜிலும் அறைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஒரே வாடகைக்குள் நல்ல ரூம் நாலும் மோசமான ரூம் நாலும் இருக்கும். கடைசி மாடி சுடும். லிஃப்டை ஒட்டிய அறையில் ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தம். பார் இருக்கிற ஹோட்டல் என்றால் முதல் மாடி வேண்டவே வேண்டாம். கிச்சன் எக்ஸாஸ்ட் பக்கம் ஜன்னல் இருந்தால் காலை நாலரைக்குத் தாளிப்பு நெடி எழுப்பிவிடும். கீழே மண்டபம் உள்ள ஹோட்டலில், அன்று கல்யாண ரிசப்ஷன் இருந்தால் பத்தரை வரை மெல்லிசைதான். இதையெல்லாம் கவுண்டரில் இருப்பவர் நம்மைவிட நன்றாக அறிவார். "அண்ணே, காலையில சீக்கிரம் வேலைக்குப் போகணும், சத்தமில்லாத ரூமா, மேல் மாடி இல்லாம பாத்துக் கொடுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சாவி மாட்டியிருக்கும் பலகையில் அவர் கை ஓர் ஆணியிலிருந்து இன்னோர் ஆணிக்கு நகர்வதை நான் எத்தனையோ தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரூமுக்குள் போனதும் நான் செய்வது மூன்று நிமிட வேலை. கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பேன். ஏசி ரூம் என்றால் முதலில் அதைப் போட்டுவிடுவேன், மற்றதைப் பார்த்து முடிப்பதற்குள் குளிர்ச்சி வருகிறதா என்று தெரிந்துவிடும். மெத்தை விரிப்பைத் தலைமாட்டு மூலையில் தூக்கி, மெத்தைத் தையலை ஒட்டிப் போன் டார்ச்சை அடிப்பேன். கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அடுத்த ரூம் கேட்க வேண்டும், அல்லது அடுத்த லாட்ஜ். பையை அதுவரை கட்டிலில் வைக்கவே மாட்டேன், மேஜைமேல்தான். ஒரு தடவை கும்பகோணத்தில் கட்டிலில் வைத்து, மூட்டைப்பூச்சியைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மனைவி கட்டிலைப் பிரித்து வெயிலில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூன்று வாரம் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பிறகு பாத்ரூம். ஃபிளஷ் இழுத்துப் பார்ப்பது, குழாயைத் திறந்து தண்ணீர் வேகம் பார்ப்பது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று ரூம் பையனிடம் கேட்பது. பல இடங்களில் சோலார்தான். மேகமூட்டமாக இருந்தால் வெந்நீர் வராது. கீசர் இருக்கிறதா என்று ஊட்டி, கொடைக்கானலில் கட்டாயம் கேட்க வேண்டும். கடைசியாகக் கட்டில் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா என்று சார்ஜரைச் சொருகிப் பார்த்துவிடுவேன்.

குறை இருந்தால் அந்த நிமிடமே கீழே இறங்கிச் சொல்ல வேண்டும். இது ரொம்ப முக்கியம். கட்டிலில் உட்காராமல், பாத்ரூமை நனைக்காமல் இருக்கும்வரை அந்த அறையை அவர்கள் அப்படியே இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதனால் மாற்றிக் கொடுப்பதில் அவர்களுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. படுத்து, குளித்து, ராத்திரி பதினோரு மணிக்கு ஏசி சரியில்லை என்று போன் பண்ணினால் நமக்காக இன்னொரு ரூமை அழுக்காக்க வேண்டும், பழைய ரூமையும் திரும்பக் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். "காலையில பாக்கலாம் சார்" என்ற பதில்தான் வரும்.

வாடகை பேசுவது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அதையும் நெல்லை அண்ணாச்சிதான் தெளிய வைத்தார். கவுண்டரில் உட்கார்கிறவருக்கு இவ்வளவு வரை இறங்கலாம் என்று முதலாளி ஓர் எல்லை சொல்லி வைத்திருப்பார். அந்த எல்லைக்குள் யாருக்குக் குறைப்பது என்பது அவர் கையில். பத்து பேர் முன்னால் "குறைச்சுக்கோங்க, குறைச்சுக்கோங்க" என்று நின்றால் அவரால் முடியாது, பின்னால் நிற்பவரும் கேட்பார். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "மாசம் ஒரு தடவை வர்ற ஆளுங்க, கம்பெனி ரேட் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டால், அவரே ஒரு தொகை சொல்வார். இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண நாட்களில் ராத்திரி எட்டரைக்கு மேல் காலியாக இருக்கிற ரூம் இனி நிரம்பாது என்று அவருக்கும் தெரியும். தனியாகப் போகிறபோது நான் அந்த நேரத்துக்குத்தான் போவேன். பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அப்படி ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

கார்த்திகை, மார்கழியில் இன்னொன்று கேட்கலாம். "ஏசி ரூமை நான்-ஏசி வாடகைக்குத் தர்றீங்களா? ரிமோட் வேண்டாம்." ஏசி ரூம்கள்தான் பெரும்பாலும் புது மெத்தை, புது பெயின்ட்டோடு இருக்கும். ரிமோட்டைக் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டு பாதி லாட்ஜ்களில் சரி என்கிறார்கள். ஏசிக்கு ஆகும் கரண்ட் செலவு அவர்களுக்கு மிச்சம்.

காலண்டரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்பதைக் காரைக்குடியில் கற்றேன். ஆவணி மாதம். வேலை முடித்து ராத்திரி ஒன்பதுக்கு லாட்ஜ் தேடினால் ஆறு இடத்தில் ரூம் இல்லை. எல்லா வாசலிலும் வாழைமரம், பெயர் எழுதின போர்டு. மறுநாள் வளர்பிறை முகூர்த்தம், ஊர் முழுக்கக் கல்யாணக்காரர்கள். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன், அதில் இரண்டு லட்ச ரூபாய் பெறுமானமுள்ள கருவி வேறு இருந்தது. கண் மூடவே இல்லை. அதன்பிறகு தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் பார்த்துவிட்டுத்தான் சர்வீஸ் தேதி கொடுக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி எந்த ஊரிலும் வாடகை குறையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் சாதாரண ஊர்களில் லாட்ஜ் காலியாகக் கிடக்கும், தைரியமாகப் பேசலாம். ஆனால் கோயில் ஊர்களுக்கு வேறு கணக்கு. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை, கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை ஐயப்ப சாமிகள் வந்துபோகும் பழனி, கன்னியாகுமரி. அமாவாசை, பௌர்ணமி மாதிரி ஒரு நாள் கூட்டம் என்றால், ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிப் போனாலே வாடகை பாதியாகிவிடும். ஊட்டியிலும் ஏப்ரல், மே சீசனில் கேட்கிற வாடகைக்கும் மற்ற மாதங்களில் கேட்கிற வாடகைக்கும் சம்பந்தமே இருக்காது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் போக இ-பாஸ் வேண்டும் என்பதால் அதையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் ஊர்களில் தேவஸ்தான விடுதிகளை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பழனியில் தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம், ஸ்ரீரங்கம் பஞ்சக்கரை சாலையில் யாத்ரி நிவாஸ் இரண்டிலும் தங்கியிருக்கிறேன். டிவி, ரூம் சர்வீஸ் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இடம் விசாலம், வாடகை நியாயம். குடும்பத்தோடு போக நல்லது. சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் பல ஊர்களில் நல்ல இடத்தில் அமைந்திருக்கிறது. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தபடி தங்க அதைத்தான் சொல்வேன்.

இனி, என்னை ரொம்பவும் உலுக்கிய விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா காலமான மறு வருடம், தை அமாவாசைக்கு அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை. சன்னதிக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும் என்று போனில் தேடினேன். ஒரு லாட்ஜின் பெயரோடு, படங்களோடு ஓர் இணையதளம் வந்தது. அதிலிருந்த செல் நம்பரில் பேசினவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "அம்மாவுக்காகக் கீழ் ரூமே ஒதுக்கிட்டேன் சார்" என்றார். யுபிஐயில் 2,000 ரூபாய் அனுப்பினேன். ரசீதுகூட வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி அந்த லாட்ஜ் கவுண்டரில் நின்றால், உண்மையான மேனேஜர் ரசீதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது எங்க நம்பரே இல்லைங்க. இன்னைக்கு மட்டும் நீங்க மூணாவது ஆளு."

ஊரில் ஓர் அறை இல்லை. அந்த மனிதர்தான் நாலைந்து இடத்துக்குப் போன் போட்டு, ஒரு சத்திரத்தில் இரண்டாவது மாடியில் ரூம் வாங்கித் தந்தார். லிஃப்ட் கிடையாது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏறினாள். "பரவால்ல கண்ணு, அப்பாவுக்காகத்தானே" என்றாள். மறுநாள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, நனைந்த சேலையோடு திரும்பவும் அதே படி. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் புகார் கொடுத்தேன், பணம் திரும்பவில்லை. பணம் போனதைவிட அந்தப் படிகள்தான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். மேப்பில் லாட்ஜைத் திறந்து, தங்கிப் போனவர்கள் எடுத்த படங்களில் வாசல் போர்டு தெரியும் படத்தைத் தேடுவேன். போர்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் நம்பருக்குத்தான் கூப்பிடுவேன். எஸ்டிடி கோடோடு லேண்ட்லைன் இருந்தால் இன்னும் நல்லது. ராமேஸ்வரம் என்றால் 04573. பேசினவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கிளம்பும் அன்று ஒரு தடவை கூப்பிட்டு உறுதி செய்வேன். தெரியாத இடத்துக்கு முழுப் பணம் முன்கூட்டி அனுப்புவதே இல்லை.

ஆப்பில் புக் பண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இடத்தைத் தேட ஆப், வாடகை பேச போன் என்பதுதான். ஆப் கம்பெனிகள் லாட்ஜிடமிருந்து நூற்றுக்குப் பதினைந்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல் கமிஷன் எடுக்கின்றன. ஆப்பில் தெரிகிற வாடகையைச் சொல்லி, "நேரா வந்தா எவ்வளவுங்க?" என்று கேட்டால் அதே வாடகையோ, அதைவிட நூறு இருநூறு குறைவாகவோ கிடைக்கும். நேராக வந்த வாடிக்கையாளருக்கு நல்ல ரூம் கொடுப்பதிலும் அவர்களுக்கு ஓர் ஆசை உண்டு, அடுத்த தடவையும் நேராக வருவார் என்று. ஆனால் ஆப் ஆஃபரில் உண்மையாகவே மலிவாக இருக்கும் நாட்களும் உண்டு. அப்போது, பணம் அங்கே போய்க் கட்டுவது, இலவசமாக ரத்து செய்வது இரண்டும் உள்ள ரூமாகப் பார்த்து எடுங்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் எனக்குப் பயன்பட்டதில்லை. இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள்தான் "தண்ணி உப்பு, லிஃப்ட் அடிக்கடி நிக்குது" என்று விவரமாக எழுதுகிறார்கள்.

மூன்று வருடம் கழித்து அம்மாவை மறுபடி ராமேஸ்வரம் கூட்டிப் போனபோது போனிலேயே எல்லாம் கேட்டேன். கீழ்த்தளமா, வாசலில் எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட்டா, அதன் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா. "கம்பி இல்லைங்க, ஆனா ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்" என்றார். போய்ப் பார்த்தால் பாத்ரூமில் பிளாஸ்டிக் ஸ்டூல் கழுவித் தயாராக இருந்தது, தரையில் வழுக்காமல் இருக்கச் சாக்கு வேறு. அம்மா உட்கார்ந்தபடி நிம்மதியாகக் குளித்தாள். ரூமைப் பற்றி முன்கூட்டிக் கேட்பது தொந்தரவு இல்லை, நம் தேவை என்னவென்று தெரிந்தால் செய்து தர அங்கே ஆள் இருக்கிறார்கள்.

ரூம் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலி செய்யும்போது நூறு ரூபாய் கொடுப்பது வழக்கம். நான் ஐம்பதை வந்தவுடனே கொடுத்துவிடுகிறேன், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். இப்போது நிறைய லாட்ஜ்களில் ஒடிசா, பீகார் பையன்கள். தமிழ் தடுமாறும். "சாதர்" என்றால் போர்வை, "பானி" என்றால் தண்ணீர், "சாப்பிட்டாச்சா தம்பி" என்பது எல்லோருக்கும் புரிகிறது. பதினெட்டு, இருபது வயசில் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து நம் அழுக்குத் துணியை எடுக்கிற பிள்ளைகள். அவர்களை அதட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. விருத்தாசலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, ஒரு மணிக்கு மாத்திரை தேடிப் போய் வாங்கி வந்தவன் அப்படி ஒரு பையன்தான்.

பில். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு முன் 12. 7,500க்கு மேல் போனால் 18. ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் வரி இல்லை என்றிருந்தது 2022 ஜூலையோடு போய்விட்டது. நாம் உண்மையில் கொடுக்கிற வாடகைமேல்தான் வரி, போர்டில் எழுதின வாடகைமேல் இல்லை. வரி மாறிய புதிதில் ஒரு லாட்ஜில் எனக்குப் பழைய 12 சதவீதமே போட்டார்கள். நிதானமாகக் காட்டினேன், கம்ப்யூட்டரில் மாற்றாமல் விட்டிருந்தார்கள், உடனே திருத்தித் தந்தார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும். அந்த எண் இல்லாத சிறிய லாட்ஜ் வரி என்று தனியாக வாங்க முடியாது. ஹோட்டல் சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படி விதி போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். ஆதார் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரைத்தான் கொடுக்கிறேன். ஜெராக்ஸ்மேல் குறுக்கே லாட்ஜ் பெயர், தேதி, "தங்குவதற்கு மட்டும்" என்று எழுதிவிடுவேன்.

நெல்லை அண்ணாச்சி இப்போது ராத்திரி ஷிப்ட் பார்ப்பதில்லை, பகலில் மட்டும் வந்து உட்காருகிறார். போன தையில் தூத்துக்குடி வேலைக்கு ரூம் சொல்ல வியாழக்கிழமை கூப்பிட்டேன். ஞாயிறு ராத்திரி வருகிறேன் என்றேன். எதிர்ப்பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"தம்பி, திங்கக்கெழமை முகூர்த்தம். ஞாயித்துக்கெழம ராத்திரி வந்தீங்கன்னா நானே உங்ககிட்ட கூடுதல் வாங்கணும், வேப்பமரத்து ரூமும் இருக்காது. திங்கக்கெழம சாயந்தரமா வாங்களேன்."

உப்பளத்துக்காரரிடம் பேசி வேலையைச் செவ்வாய்க்கு மாற்றினேன். பஸ் டிக்கெட்டையும் மாற்றிக்கொண்டேன்.